வம்சாவளியும் செத்த மாடும்

பாளையக்காரர்களின் வம்சாவளிகளை வரிசையாக உட்கார்ந்து படித்தால் முதலில் வருவது அலுப்பு. ஒன்றைப் படித்தால் போதும், மற்றதை நாமே சொல்லிவிடலாம். வடக்கே நல்லபடியாக இருந்தோம். துலுக்க ராசா எங்கள் வீட்டில் பெண் கேட்டான். கொடுக்க மனசில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினோம். குறுக்கே ஆறு வெள்ளமாகப் போனது. கரையில் நின்ற மரம் தானாக வளைந்து பாலம் போட்டது, ஏறித் தப்பித்தோம். தெற்கே வந்தோம். ராயருக்காகச் சண்டை போட்டோம், பட்டம் வாங்கினோம். காட்டை வெட்டினோம், கோட்டை கட்டினோம், குளம் வெட்டினோம். அப்புறம் அப்பன் பெயர், மகன் பெயர், பேரன் பெயர், அவரவர் ஆண்ட வருசம். திண்டுக்கல் சீமையில் விருப்பாட்சி, கன்னிவாடி, ஆயக்குடி, இடையகோட்டை, அம்மையநாயக்கனூர், எரியோடு என்று எத்தனையோ பாளையங்கள். அச்சு ஒன்றுதான், ஊர்ப்பெயர்தான் வேறே.

இந்த ஏடுகளைச் சேகரித்தவர் காலின் மெக்கன்சி. அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி வாங்கினார்கள். மெக்கன்சி 1821இல் செத்துப்போனார். 1835இல் வில்லியம் டெய்லர் அவற்றில் சிலவற்றை இங்கிலீசில் பெயர்த்து அச்சுப்போட்டார். தமிழிலும் பிற்பாடு 'பாளையப்பட்டுக்களின் வம்சாவளி' என்று அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் வெளியிட்டது. நம்முடைய ஆய்வாளர்கள் இவற்றை வரலாற்று ஆவணம் என்கிறார்கள். பொய்ப்புராணம் என்று தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களுமே, இதை யாருக்குப் படிக்கக் கொடுப்பதற்காக எழுதினார்கள் என்று கேட்பதில்லை. 1792இல் திப்பு சுல்தானோடு போட்ட ஒப்பந்தத்தில் திண்டுக்கல் கும்பினிக்காரன் கைக்கு வந்தது. 1801க்குள் பல பாளையங்கள் போய்விட்டன. போனதைக் கேட்டு வாங்கவோ, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளவோ வேண்டியிருந்த சமயத்தில் சொல்லப்பட்ட கதைகள் இவை. படிக்கப்போகிறவன் வெள்ளைக்காரன். அப்படிப் பார்த்தால் வம்சாவளி என்பது ஒரு மனு. 'இந்த மண் எங்களுக்குப் பட்டயத்தோடு வந்தது, பார்த்துச் செய்யுங்கள்' என்பதுதான் ஒவ்வொரு வம்சாவளியும் கடைசியில் சொல்வது. மனுவில் தனக்கு வேண்டாத சாட்சியை யார்தான் சேர்ப்பார்கள்? கூட வந்தவர்கள் யார், காட்டை வெட்டிய கை யாருடையது, குளத்து மண்ணைச் சுமந்தது யார் என்று அதில் தேடினால் கிடைக்காது.

எங்கள் வீடுகளில் இன்னும் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறோம். திண்டுக்கல் சமவெளியில் தாடிக்கொம்பு, அகரம், வேடசந்தூர் என்று குடகனாற்றுக் கரையோடு போனால் சக்கிலியர் தெருக்களில் அந்தப் பேச்சைக் கேட்கலாம். நாயக்கர் காலத்து இடப்பெயர்ச்சியில் நாங்களும் வந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? ஆறு குறுக்கே வந்தபோது மரம் வளைந்ததாமே, அதில் நாங்களும் ஏறினோமா, நீந்தித்தான் வந்தோமா என்று எந்த வம்சாவளியும் சொல்லவில்லை.

ஜே.எச். நெல்சன் மதுரைச் சீமையைப் பற்றி எழுதிய பெரிய கையேடு 1868இல் வந்தது. மேற்படி வம்சாவளிகள் அதில் சரித்திரமாகிவிட்டன. பாளையக்காரர்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம், சக்கிலியருக்குச் சாதிகளைப் பற்றிய பகுதியில் சில வரிகள். அதே 1868இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இன்னொரு ராசா தன் மலைக்கோட்டையில் உட்கார்ந்து, தன் நாட்டை விக்டோரியா ராணியின் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பெற்றுக்கொண்டான். அவன் பெயர் மோஷ்வேஷ்வே, நாடு பசுத்தோலாந்து. இன்றைக்கு லெசோத்தோ என்கிறோம். மார்ச் மாதம் அது நடந்தது. ஒரே வருசம் என்பது தற்செயல்தான், அதில் பெரிய அர்த்தமெல்லாம் இல்லை. ஆனாலும் இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் நம்ம ஊர் வம்சாவளியில் என்ன இல்லை என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

மோஷ்வேஷ்வே பெரிய ராச குடும்பத்தில் பிறந்தவனில்லை. ஒரு சின்னக் குலத்தலைவனின் மகன், 1786 வாக்கில் பிறந்தவன். பெற்றவர்கள் வைத்த பெயர் லெபோக்கோ. வாலிபத்தில் ஒரு தலைவனின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். 'அவன் தாடியைச் சிரைச்சிட்டேன்' என்று அதைப் பெருமையாகப் பாடினான். சவரக்கத்தி தாடியில் ஓடுகிற சத்தம்தான் அவனுடைய புதுப்பெயர். மாடு திருடியதால் வந்த பெயரோடு ஒரு ராசா வரலாற்றில் நிற்கிறான், அதை யாரும் மறைக்கவுமில்லை. நம்ம ஊர் ராசா ஒருத்தன் பெயரை இப்படி எழுத முடியுமா? மறுநாளே சாலைமறியல்.

1820களில் அந்தப் பக்கம் முழுக்கச் சண்டை, பஞ்சம். லிபகானே என்று அதற்குப் பெயர். குலம் குலமாக மக்கள் சிதறி ஓடினார்கள். 1824இல் மோஷ்வேஷ்வே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தாபா போசியு என்கிற தட்டையான மலைமேல் குடியேறினான். போகிற வழியில் அவனுடைய தாத்தா பீட்டேயை மனித மாமிசம் தின்கிற கூட்டம் பிடித்துத் தின்றுவிட்டது. பிற்பாடு அந்தக் கூட்டம் அகப்பட்டது. கொல்லச் சொன்னார்கள். அவனோ, இவர்கள் வயிறுதான் என் தாத்தாவின் சமாதி, சமாதியை இடிப்பதா என்று சொல்லி, சடங்கு செய்து அவர்களைத் தன் குடிகளாகச் சேர்த்துக்கொண்டான் என்று சொல்கிறார்கள். இந்தக் கதையில் மெருகு ஏறியிருக்கும். 1833இல் அங்கே போய்ச் சேர்ந்த பிரெஞ்சு மிஷனரிகள் எழுதி உலகுக்குச் சொன்னவை பல. ஏசுவின் மன்னிப்பை ஆப்பிரிக்க ராசாவிடம் கண்டுபிடித்ததில் அவர்களுக்கு ஒரு லாபம் இருந்தது. அதைக் கழித்துவிட்டாலும் நிகழ்ந்த ஒன்று மிச்சமிருக்கிறது. ஓடிவந்தவன் எவனாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளப்பட்டான். வேறு வேறு குலம், வேறு வேறு வழக்குப் பேச்சு, எல்லாரும் சேர்ந்து பசோத்தோ என்று ஒரு சனம் உண்டானது.

ஓடிவந்தவன் கையில் ஒன்றுமில்லை. ராசா தன் மாடுகளில் சிலவற்றை அவனிடம் விட்டான். மாஃபிசா என்று அதற்குப் பெயர். மாடு ராசாவுடையதுதான், பால் மேய்க்கிறவனுக்கு. அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு கட்டுப்பாடுதான், சந்தேகமில்லை. மாட்டை வாங்கினவன் ராசாவுக்குக் கட்டுப்பட்டவன். இருக்கட்டும். வெறுங்கையோடு வந்தவனுக்கு உசுருள்ள மாடு கிடைத்தது, பால் கிடைத்தது.

இங்கே என்ன கிடைத்தது? செத்த மாடு. உசுரோட இருக்கிறவரைக்கும் மாடு அவங்களுது. செத்துப்போனா நம்மளது. தூக்கிக்கொண்டு போய் உரிக்க வேண்டும். தோலைச் சுண்ணாம்பில் போட்டு, ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்த வேண்டும். தோலும் நமக்கில்லை, அது திரும்ப அவர்களுடைய கமலைக்குப் போக வேண்டும். கமலை பார்த்திராத இளம் தோழர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல் சமவெளி ஆற்றுப் பாசனத்தை நம்பிய சீமை இல்லை. குடகனாற்றில் எப்போதாவதுதான் தண்ணீர் போகும். கிணறுதான் எல்லாம். இரண்டு மாட்டைப் பூட்டிக் கமலை இறைக்கும்போது கூனையோடு ஒரு தோல் வால் தைத்திருக்கும். கூனை மேலே வந்ததும் அந்த வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். வால் கிழிந்தால் கிணற்று நடுவிலேயே தண்ணீர் ஒழுகிவிடும், தோட்டம் காயும். அந்த வாலைத் தைத்துக் கொடுத்தவன், கிழிந்தால் ஒட்டுப் போட்டவன் சக்கிலியன். மாட்டுக்கு வார், வண்டிக்கு வார், நடக்கிறவனுக்குச் செருப்பு. பாளையத்தின் தோட்டக்கால் வெள்ளாமை அத்தனையும் அந்த ஒரு தையலில் தொங்கியது என்று சொன்னால் மிகையில்லை. வம்சாவளி எழுதியவன் 'குளம் வெட்டினோம், கிணறு தோண்டினோம்' என்றானே, கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது எப்படி என்று எழுதவில்லை.

இந்த வேலைக்குக் கூலி என்ன என்று கேட்டால் சிரிப்பு வரும். அறுப்பு முடிந்ததும் களத்து மேட்டில் போய் நிற்க வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மடியை விரித்துக்கொண்டு, அவர்கள் அளந்து போடுகிற தவசத்தை வாங்க வேண்டும். அதற்கு 'சுதந்திரம்' என்று பெயர். 'இந்த வருசம் சொதந்திரம் வாங்கியாச்சா' என்று கேட்பார்கள். குனிந்து வாங்குகிற ஒன்றுக்கு அந்தச் சொல்லை வைத்திருக்கிற பாஷை நம்முடையது. மின்சார மோட்டார் வந்ததும் கமலை போனது. கமலையோடு சுதந்திரமும் போனது. செத்த மாடு மட்டும் ரொம்ப நாளைக்கு நம்மிடமே இருந்தது.

ரெண்டு பக்கமும் ஓடிவந்தவர்கள்தான். வம்சாவளியின்படி பாளையக்காரனே ஓர் அகதி. பெண்ணைக் காப்பாற்ற ராத்திரியில் ஓடிவந்தவன். அங்கே அகதிகள் சேர்ந்து ஒரு சனம் ஆனார்கள். இங்கே அகதிகள் வந்து சேர்ந்ததும் ஒருத்தன் கோட்டையிலும் ஒருத்தன் சேரியிலும் போய்ச் சேர்ந்தான். ஒரே ஓட்டம் ஏன் இரண்டு முடிவுக்குப் போனது? மோஷ்வேஷ்வே நல்லவன், நம்மவர்கள் கெட்டவர்கள் என்பது பதிலாகாது. நல்ல ராசா, கெட்ட ராசா என்று பார்ப்பது பள்ளிக்கூடப் புத்தகத்து வியாதி. சேர்த்துக்கொள்ள முடியாத மனுசன் என்று ஒருவனைப் பிறப்பிலேயே குறித்துவைக்கிற ஏற்பாடு இங்கே ராசாவுக்கு முன்னாலேயே இருந்தது. பாளையக்காரன் அதன்மேல் வந்து உட்கார்ந்தான். அகரம் என்கிற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ அகரங்கள். பிராமணருக்குத் தானமாக விட்ட ஊர் என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். தானம் கொடுத்த ராசா போய்விட்டான். வாங்கினவர்களும் பல ஊர்களில் விற்றுவிட்டுப் பட்டணம் போய்விட்டார்கள். ஊர் ஒரு பக்கம் சேரி ஒரு பக்கம் என்று போட்ட கோடு போகவில்லை.

பசோத்தோ ராசாக்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்கு மனசில்லை. மோஷ்வேஷ்வே தன் மகன்களையும் தம்பிகளையும் சீமை சீமையாகத் தலைவர்களாக வைத்தான். முன்பே இருந்த சின்னத் தலைவர்கள் கீழே போனார்கள். பிற்பாடு வந்தவர்களும் அதையே செய்தார்கள். தலைவனின் வயலில் குடிகள் கூலியில்லாமல் போய் உழைக்க வேண்டும், மாட்செமா என்று அதற்குப் பெயர். நம்ம ஊரில் வெட்டி என்போமே, அதற்கு ரொம்பத் தூரமில்லை. ஆனால் அங்கேயே அதை எதிர்த்துக் கேட்ட ஆள் உண்டு. ஜோசியல் லெஃபெலா 1919இல் சாமானியர்களுக்காக லெக்கோட்லா லா பாஃபோ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். வெள்ளை அதிகாரியோடு சேர்ந்துகொண்டு குடிகளை நசுக்குகிற தலைவர்களை அது கேள்வி கேட்டது. மோஷ்வேஷ்வேயின் காலத்தை அந்தத் தலைவர்களுக்கு எதிராகவே எடுத்துக் காட்டினார்கள். 'சனம் இருந்தால்தான் தலைவன்' என்பது அவர்களுடைய பழமொழி. பழமொழியைப் பிடித்துக்கொண்டு தலைவனைக் கூண்டிலேற்றுவது நல்ல வேலைதான்.

1870இல் மோஷ்வேஷ்வே இறந்த பிறகு லெட்சியே, லெரோத்தோலி என்று வரிசை ஓடுகிறது. அதற்குள் நான் போகவில்லை, அதுவும் ஒரு வம்சாவளிதான். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1880இல் கேப் அரசாங்கம் பசோத்தோ மக்களிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிடச் சொன்னது. வைரச் சுரங்கத்தில் கூலிக்குப் போய் உழைத்துச் சம்பாதித்த காசில் வாங்கிய துப்பாக்கிகள் அதில் நிறைய. கொடுக்க மாட்டோம் என்று சண்டை போட்டார்கள், கேப் அரசாங்கத்தால் அடக்க முடியவில்லை. 1884இல் நாடு நேரடியாக பிரிட்டிஷார் கைக்குப் போனது. பிற்பாடு தென்னாப்பிரிக்காவுக்குள் அது கரைந்துபோகாமல் 1966இல் தனி நாடானதற்கு இந்தச் சண்டைக்கும் பங்குண்டு. இன்று அங்கே ராசா இருக்கிறார், மூன்றாம் லெட்சியே. ஆனால் 1993 அரசியல் சட்டப்படி அதிகாரமில்லாத ராசா. அவருடைய அப்பா இரண்டாம் மோஷ்வேஷ்வேயை 1990இல் ராணுவ ஆட்சி நாடு கடத்திப் பட்டத்தையும் பறித்தது. 1995இல் திரும்பப் பட்டத்துக்கு வந்தார், 1996 ஜனவரியில் கார் விபத்தில் போய்விட்டார்.

நம்ம பக்கத்துத் துப்பாக்கிக் கதைக்கு வருவோம். விருப்பாட்சி கோபால நாயக்கர் 1800, 1801இல் கும்பினியை எதிர்த்த கூட்டணியில் முக்கியமானவர். வேலு நாச்சியார் கணவனை இழந்து 1772இல் சிவகங்கையை விட்டு வந்தபோது அடைக்கலம் கொடுத்த இடமும் விருப்பாட்சிதான். ஹைதர் அலியிடம் உதவி கேட்டது திண்டுக்கல்லில். 1801இல் கோபால நாயக்கரைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். அதே வருசம் டிசம்பரில் கவர்னர் கிளைவ் போட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. கோட்டைகளை இடித்தார்கள். விருப்பாட்சியில் இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், எனக்கு அதில் பிணக்கில்லை. தூக்குமேடை வரை போனவனை நாம் ஏன் குறைத்துப் பேச வேண்டும்?

கே. ராஜய்யன் 1971இல் இந்தக் கிளர்ச்சியைப் பற்றி இங்கிலீசில் எழுதிய புத்தகம் பெரிய உழைப்பு. சிப்பாய்க் கலகத்துக்கு முன்னாலேயே தெற்கே ஒரு விடுதலைப் போர் நடந்தது என்று கும்பினியின் கடிதங்களைக் கொண்டே நிறுவினார். ஆனால் அதைப் படிக்கிற சேரிக்காரனுக்கு ஓரிடத்தில் இடிக்கிறது. மக்கள் எழுந்தார்கள் என்றால், எந்த மக்கள்? பாளையத்துக்காரன் வெள்ளையனை விரட்டியிருந்தால் களத்து மேட்டில் மடி விரித்து நின்றவன் நிமிர்ந்திருப்பானா? அவன் ஏன் சண்டைக்குப் போனான், போனானா, போகச் சொல்லி அடித்தார்களா? கும்பினிக்காரனின் கடிதத்தில் இதற்குப் பதில் இருக்காது. திருமலை நாயக்கர் காலத்து மூக்கறு போரிலும் இதே கதைதான். மைசூர்க்காரன் மூக்கை அறுத்தான், நம்மவர்கள் திருப்பி அறுத்தார்கள், சேதுபதிக்குப் புகழ், கன்னிவாடிக்குப் புகழ். அறுபட்ட மூக்குக்காரனின் வம்சாவளியை யார் எழுதினார்கள்?

இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்திருக்கிற மருந்துதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று சுவரொட்டி. ஆளுக்கொரு ராசா, ஆளுக்கொரு வாள். அயோத்திதாசப் பண்டிதரே 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தனை ஒரு பௌத்த ராசாவாக எழுதினார். அவர் செய்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. சிதம்பரத்தில் தீயில் இறங்கச் சொன்ன கதைக்கு எதிராக, சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன் என்று ஒரு எதிர்க்கதை கட்டினார். அவருடைய ராசா பௌத்தத்தைத் தாங்கியவன், சாதியை அல்ல. இன்றைய சுவரொட்டி ராசா அப்படியா? அவன் பக்கத்துத் தெரு தலித்தைவிடத் தான் உசத்தி என்று காட்டுவதற்கு வந்தவன். அதுவும் வம்சாவளிதான். ஊருக்குள்ளே மரியாதை கேட்டு ஊர்க்காரனிடம் கொடுக்கிற மனு.

அந்த மனுவை ஊர் எப்படி வாங்கிக்கொள்ளும் என்பதை 1997இல் பார்த்தோம். எங்கள் மாவட்டம் 1985இல் பிறந்தபோது திண்டுக்கல் அண்ணா. பிற்பாடு காயிதே மில்லத் பெயரும் மன்னர் திருமலை பெயரும் மாறிமாறி வந்தன. மன்னர் பெயரைப் போட்டதற்காக யாரும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனுக்காகச் செத்த தளபதி, தேவேந்திரர். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் கால் வைக்க மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதிக்காரர்கள். தென் மாவட்டங்களில் கலவரம், சாவுகள். கடைசியில் அந்த வருசம் ஜூலையில் மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த எல்லாத் தலைவர் பெயர்களையும் அரசாங்கம் எடுத்துவிட்டது. கட்டபொம்மனுக்காகச் சாக அவன் வேண்டும். அவன் பெயரெழுதிய பஸ்ஸில் உட்கார முடியாது. நாம் எத்தனை தளபதிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தாலும் நிலைமை இதுதான் என்றால், தளபதியைத் தேடுகிற வேலையை மட்டுமே ஏன் ஆராய்ச்சி என்று செய்துகொண்டிருக்கிறோம்?

நமக்கென்று ஏடு இல்லை, கதைப்பாடல்தான் இருக்கிறது. நா. வானமாமலை மாதிரி ஆட்கள் தேடிப் பதிப்பித்ததால் சிலது கைக்கு வந்தது. அவற்றையும் வம்சாவளி விட்டுவைக்கவில்லை. மதுரைவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்புத் தைக்கிற வீட்டில் வளர்ந்தவன். பொம்மண நாயக்கன் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனவன். மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கிச் செத்தவன். செத்தபிறகு மீனாட்சி கோயில் வாசலில் காவலுக்கு நிற்கிறவன். இவனுக்குக் கதையில் ஓர் அப்பன் இருக்கிறான், காசிராசா. கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் போட்டார்களாம், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்களாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. காத்தவராயனுக்கும் இதே வைத்தியம்தான், அங்கே அப்பன் சிவன். நாயக்கன் மகளைத் தொட்டவன் சக்கிலியனாக இருக்கக் கூடாது, இருந்தால் கதையைக் காதால் கேட்க முடியாது. அதனால் கை காலை வெட்டினார்கள். அதுவும் பத்தாமல் பிறப்பையும் வெட்டினார்கள். முதல் வெட்டு ராசா செய்தது, இரண்டாவது வெட்டு கதை சொன்னவன் செய்தது. ராச ரத்தம் இருந்தால்தான் வீரம் வரும் என்கிற அந்த ஒட்டு, விருப்பாட்சி வம்சாவளியில் மரம் வளைந்ததற்குக் கொஞ்சமும் குறையாத புளுகு. அதை நாமே பாடிக்கொண்டு, நாமே தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாரும் அப்படியில்லை. தாடிக்கொம்புப் பக்கம் ஒரு தெருவில் வீரனுக்குப் பொங்கல் வைக்கிற ஒரு பாட்டியிடம் காசிராசாவைப் பற்றிக் கேட்டேன். சாமிக்கு முன்னால் புதுச்செருப்பு ஒரு சோடி வைத்திருந்தார்கள். அந்தம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னது: "காசி எங்கிட்டு இருக்கு, நாம எங்கிட்டு இருக்கோம்? எவனோ சேத்து விட்டிருக்கான். அவன் நம்ம புள்ளைதான், பேசாம இலையைக் கழுவிட்டு வா."